பென்சில் சிரிப்பு

மனஅழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்த பெண்மணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தப் பாடத்தால் நான் அடைந்த பலன் இவ்வளவுதான்.

ஊர்ப் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை, கல்கத்தாதான். புதிது புதிதாக விமான நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ரயில் டிக்கெட் விலைக்கு விமானத்தில் போகலாம் என்று பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வரும். அடுத்த பக்கத்தில் சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிய பெண் ஒருத்தி சூட்கேஸை இழுத்துக்கொண்டு சிரிப்பாள். இவளைப் போல ஆக வேண்டுமா, எங்களிடம் வந்து சேருங்கள் என்று பயிற்சி நிலையங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா துறைமுகத்தில் அதிகாரி. என் சிறு வயதில் மாற்றலாகி வந்த இடத்திலேயே தங்கிப்போய், பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடியிருந்தோம். வங்கிப் பரீட்சை எழுது என்றார் அப்பா. நான் சூட்கேஸ்காரியின் கட்சியில் சேர்ந்தேன்.

நான் சேர்ந்த நிலையம் ஒரு கடைவளாகத்துக்குப் பின்னால் இருந்தது. எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய விமான இருக்கைகளை நாலு வரிசை போட்டு, சுற்றிலும் பிளைவுட் அடித்து, அதில் வட்ட வட்டமாக ஜன்னல் வரைந்து வைத்திருந்தார்கள். அதுதான் மாதிரி விமானம். அதற்குள் நாங்கள் ஒருவருக்கொருவர் காலித் தட்டில் காலிக் கோப்பையை வைத்து நீட்டிக்கொள்வோம். கொண்டை போடவும், உதட்டுச் சாயம் பூசவும், அவசர வாசலை இரண்டு விரலால் சுட்டிக் காட்டவும் தனித்தனி வகுப்புகள். ஆனால் நிலையத்தார் மார்தட்டிக்கொண்டது சனிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான். ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட். விமான வேலை என்றால் அழுத்தம் அதிகம், அதைத் தாங்கத் தெரியாதவளுக்கு வானத்தில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

வங்காளத்தில் இந்த அழுத்தத்துக்குச் 'சாப்' என்று பெயர். 'சாப் நிஸ் நா' என்றால் டென்ஷன் ஆகாதே என்று அர்த்தம். என்னோடு படித்த பெண்கள் வாயைத் திறந்தால் சாப்தான். பஸ் வராவிட்டால் சாப், காதலன் போனை எடுக்காவிட்டால் பெரிய சாப். நானும் வீட்டில் போனைப் பிடித்தால் அதே பாஷைதான். கல்கத்தாவில் இத்தனை வருடம் இருந்தும் காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்கு மட்டுமே வங்காளம் கற்ற அம்மா ஒரு நாள், "என்னடி, எப்பப் பாத்தாலும் சாப்பாட்டைப் பத்தியே பேசிட்டிருக்கே?" என்று கேட்டாள்.

வகுப்பெடுத்தவரை நாங்கள் மேம் என்று கூப்பிட்டோம். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, பஞ்சு போன்ற குரல். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் வகுப்பிலேயே ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார். அதைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், உதடு படக் கூடாது. அப்படியே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். "இதுதான் இனி உங்கள் முகம். பென்சிலை எடுத்த பிறகும் இந்த முகம் அங்கேயே இருக்க வேண்டும்" என்றார். சிரித்துக்கொண்டே பேசினால் குரலும் மாறும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவனுக்குக்கூட அந்தச் சிரிப்பு தெரியும் என்றார். அது உண்மைதான்.

பிறகு ஒருத்தியை நடுவில் நிறுத்துவார். மற்றவர்கள் எல்லாம் பயணிகளாகி அவளைத் திட்ட வேண்டும். விமானம் தாமதம், பெட்டி காணோம், மாமியார் சாகக் கிடக்கிறாள், உன் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்று ஆளாளுக்குக் கத்துவோம். நடுவில் நிற்பவள் மூக்கால் மூச்சை இழுத்து, மெதுவாக வாயால் விட்டு, பென்சில் முகத்தோடு நிற்க வேண்டும். முகம் கொஞ்சம் சுருங்கினாலும் மறுபடி முதலிலிருந்து. இதில் அழுத்தம் எங்கே குறைகிறது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. குக்கர் விசிலில் துணியை அடைத்துவிட்டு அதற்கு மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் என் தோழி. டாலிகஞ்ச்காரி. மெட்ரோ அவள் ஊரில்தான் புறப்படும். அதனால் நான் ஏறும்போது எனக்கும் சேர்த்து இடம் பிடித்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு, உட்கார வருகிறவர்களை முறைத்தபடி இருப்பாள். ஒல்லியான பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சிரித்தால் ஈறு தெரியும் என்று மேம் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தார். அப்பா இறந்துபோய், ஜேட்டு வீட்டில் இருந்தாள். பெரியப்பாவை அங்கே ஜேட்டு என்பார்கள். அம்மா சிலிகுரியில் மாமா வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். "வேலை கிடைச்ச உடனே ஜாதவ்பூர் பக்கம் ஒரு ரூம் எடுத்து அம்மாவைக் கூட்டிட்டு வந்திருவேன்" என்பாள். நாங்கள் பேசிக்கொண்டது வங்காளத்தில், நான் எழுதுவது என் தமிழில். நாங்கள் எல்லாம் ஊர் சுற்றிப் பார்க்கவும் நல்ல உடை போடவும் அந்த வேலையைக் கேட்டோம். அவள் கேட்டது அம்மாவுக்காக. வேறு எதையும் அவள் விரும்பிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மேம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காரச் சொன்னார். "உள்ளே இருப்பதை இன்று வெளியே போட்டுவிடுங்கள். உங்களை எது அதிகமாக வலிக்கச் செய்கிறதோ அதைச் சொல்லுங்கள். இங்கே பேசுவது இந்த வட்டத்தைத் தாண்டாது" என்றார். வழக்கமாக ஆங்கிலம் தவிர வேறு எதையும் பேச விடாதவர் அன்று வேறு மாதிரிச் சொன்னார். "ஆங்கிலம் வேண்டாம். வலி தாய்மொழியில்தான் இருக்கிறது. அவரவர் தாய்மொழியில் சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் புரிகிறதா என்பது முக்கியமில்லை."

ஒரு மார்வாடிப் பெண்ணையும் என்னையும் தவிர எல்லோரும் வங்காளிகள். மார்வாடிப் பெண் இந்தியில் சொன்னாள், அது எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, கைக்குட்டைகள் வெளியே வந்தன. என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பேருக்கு முன்னால் வீட்டு விஷயத்தை அவிழ்த்துக் கொட்டுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால்கூட அடுத்த அறைக்காரருக்குத் தெரியாது. அழுவதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், ஆனால் எதையும் சொல்லக் கூடாது.

அன்று காலை எங்கள் வீட்டில் ஒரு காபிச் சண்டை நடந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் அத்தை காபிப் பொடி கொடுத்தனுப்பியிருந்தாள். அதே பையில் பெருங்காயக் கட்டியையும் போட்டிருந்தாள். இரண்டு நாள் ரயில் பயணத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, அதையே தமிழில் சொன்னேன். "அப்பா ஒரு வாய் குடிச்சாரு. இது காபியா ரசமான்னு கேட்டாரு. அம்மாவுக்குக் கோவம் வந்திருச்சு. உங்க தங்கச்சி லட்சணம் இதுதான்னாங்க. சரி விடு, சரி விடுன்னு அப்பா சொல்லிப் பாத்தாரு. அம்மா விடலை. சரி சரி, சரி சரின்னு சொல்லிக்கிட்டே அப்பா முழுசையும் குடிச்சாரு." நடுவில் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தி நிறுத்திப் பேசினேன். அது விம்மலாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எதிரில் இருந்தவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

மேம் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். "போதும் கண்ணே. இனிமேல் நீ யாரிடமும் சாரி சொல்ல வேண்டாம்" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. வங்காளிகளின் வாயில் 'அ' எல்லாம் 'ஒ' ஆகிவிடும், காதிலும் அப்படித்தான் போலிருக்கிறது. எங்கள் அப்பாவின் சரி, மேமின் காதில் 'சொரி'யாகி, ஆங்கிலச் சாரி ஆகிவிட்டது. நான் யாருக்கோ செய்த துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டு உருகுகிறேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அவர் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது என் தோழி. "எங்கம்மா சிலிகுரியில இல்ல" என்று ஆரம்பித்தாள்.

அம்மா மனநல மருத்துவமனையில் இருந்தார். அப்பா போன பிறகு தூக்கம் போய், பேச்சுப் போய், ஜேட்டுதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். குணமாகி வெகுநாளாயிற்று. கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஜேட்டு வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்றார், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்றார். "எங்கம்மாவுக்கு இப்ப வியாதி இல்ல. வீடுதான் இல்ல. அதனால உள்ளயே இருக்காங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன். இன்னும் கொஞ்ச நாள்மா, இன்னும் கொஞ்ச நாள்மான்னு சொல்லிட்டு வர்றேன்" என்றாள். யாரும் அழவில்லை. மேம் மட்டும் அவளை அணைத்துக்கொண்டு வெகுநேரம் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திரும்பும்போது மெட்ரோ நிலையத்தில் அவள் முகம் தெளிந்திருந்தது. "எவ்வளவு நாளா நெஞ்சுல வச்சிருந்தேன் தெரியுமா? இப்ப லேசா இருக்கு. மேம் நல்லவங்க" என்றாள். பிறகு, "நீ என்ன சொன்னே? யாருக்குச் சாரி?" என்று கேட்டாள். நான் பெருங்காயக் காபியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடைமேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஈறு தெரியத் தெரிய, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்துவைத்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு விமான நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் ஆளெடுக்க வந்தார்கள். எங்கள் மேமும் அவர்களோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இது சாதாரண நேர்முகம் இல்லை, அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் நேர்முகம், எது கேட்டாலும் முகம் மாறக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மாதிரி விமானத்தின் இருக்கைகளில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்தான் நேர்முகம்.

எனக்கு முன்னால் போனவள் அழுதுகொண்டு வெளியே வந்து, யாரிடமும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்து நான். வந்தவர்களில் ஒருவர் என் நிறத்தைப் பற்றிப் பேசினார். இந்த நிறத்துக்கு இந்தச் சாயம் எதற்கு என்று கேட்டார். பவானிபூர்ப் பள்ளியில் இதைவிட நன்றாகக் கேட்ட பிள்ளைகளைப் பார்த்தவள் நான், பென்சில் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேம் தன் பஞ்சுக் குரலில் ஆரம்பித்தார். "நீ யாரிடமோ திரும்பத் திரும்பச் சாரி சொன்னாயே. உன்னை நம்பினவர்களை நீ கைவிட்டிருக்கிறாய், இல்லையா? பயணிகளை எப்படி உன்னிடம் ஒப்படைப்பது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெருங்காயத்துக்கு இத்தனை பெரிய விசாரணையா என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விஷயம் உறைத்தது. வட்டத்தில் பேசியது மேஜைக்கு வந்துவிட்டது. அழுதுகொண்டு போனவள் ஏன் அழுதாள் என்று புரிந்தது. அடுத்தது என் தோழி.

மீதிக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே வந்தபோது அவள் ஏற்கெனவே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று நிலையத்து ஆள் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வட்டத்துல சொன்னதையெல்லாம் கேக்கிறாங்கடி, அம்மாவைப் பத்திக் கேப்பாங்க, ஜாக்கிரதை" என்றேன். பதற்றத்தில் அத்தனையும் தமிழில் வந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் கையைத் தட்டிக்கொடுத்து, "சாப் நிஸ் நா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

பிளைவுட் வழியாக எல்லாம் கேட்டது. அம்மா எங்கே இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். சிலிகுரியில் என்றாள். பொய் சொல்கிறவர்களை நாங்கள் விமானத்தில் ஏற்றுவதில்லை என்றார் மேம். பிறகு அவள் மருத்துவமனையைச் சொன்னாள்.

"இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வியாதி, அப்படித்தானே? நடு வானத்தில் உனக்கும் வந்தால்?" என்று வந்தவர் கேட்டார். மேம் விடவில்லை. "அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். நீ டூட்டியில் இருக்கும்போது அவர் உடுத்தின துணியோடு தெருவில் ஓடினால் என்ன செய்வாய்? விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கி ஓடுவாயா?" யாரோ சிரித்தார்கள். அது நகைச்சுவை என்று நினைத்திருக்கிறார்கள்.

நாற்காலி விழும், கதவு அறையும் சத்தம் கேட்கும் என்று நான் காத்திருந்தேன். அவள் கத்த வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். "நல்ல கேள்வி மேம், நன்றி" என்று அவள் குரல் வந்தது. தேன் வழிகிற குரல். அம்மாவுக்குத் தகுந்த ஏற்பாடு செய்வேன் என்றும், என் சொந்த விஷயம் என் பணியைப் பாதிக்காது என்றும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள் என்பது பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம்வரை தெரிந்தது.

சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். அவள்தான் முதலிடம். இப்படி ஒரு மனஉறுதியை நாங்கள் பார்த்ததில்லை என்று வந்தவர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். மேம் எங்களைக் கைதட்டச் சொன்னார். "இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். என்னைத் தரைப்பணிக்கு, விமான நிலையக் கவுண்டருக்கு, எடுத்துக்கொண்டார்கள். எதற்கும் அசையாதவள், ஆனால் கனிவு போதாது என்று என்னைப் பற்றி மேம் சொன்னாராம்.

நான் தாழ்வாரத்தில் அவரை மறித்துக் கேட்டேன். வட்டத்தைத் தாண்டாது என்றீர்களே மேம், இப்போது என்ன ஆயிற்று என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "நாளைக்கு ஒரு பயணி இதைவிடக் கேவலமாகப் பேசுவான். இன்றே தடுப்பூசி போட்டுவிட்டேன். என்றாவது ஒரு நாள் எனக்கு நன்றி சொல்வாள்" என்றார். மூச்சுகூடப் பிசகாமல், பென்சில் முகத்தோடு சொன்னார். எனக்கு வாயில் வந்ததெல்லாம் வசவு. அதை விழுங்கிவிட்டு, "சரிதான் போங்க" என்று தமிழில் சொல்லித் திரும்பினேன். அவர் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "பார், மறுபடியும் சாரி சொல்கிறாய்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வருடக்கணக்கில் கவுண்டரில் நின்றிருக்கிறேன். குளிர்காலப் பனிமூட்டத்தில் விமானங்கள் இறங்காத நாட்களில் கூட்டம் முழுக்க என் மூஞ்சியைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. ஒருவன் போர்டிங் பாஸைக் கிழித்து என் மேல் எறிந்தான். அவர்களில் ஒருவருக்குக்கூட என் அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. முன்பின் தெரியாதவன் திட்டுவதை வீட்டுக்குப் போய்க் குளித்தால் மறந்துவிடலாம். அணைத்து முதுகைத் தடவினவள் திருப்பி அடிப்பதற்கு எந்தப் பயணியும் ஈடாக மாட்டான். மேம் போட்டது தடுப்பூசி இல்லை, வியாதியையே போட்டுவிட்டார்.

நேர்முகத்தன்று மெட்ரோவில் திரும்பும்போது தோழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருட்டுச் சுரங்கத்தில் ஜன்னல் கண்ணாடி எங்கள் இரண்டு பேரையும் காட்டியது. "சிரிப்பை விடுடி, இங்க யாரும் மார்க் போடலை" என்றேன்.

"நான் சிரிக்கலையே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னாள். வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொல்லும்போது யாராவது கூட இருக்க வேண்டும் போல இருந்திருக்கிறது. பார்வையாளர்களுக்கு ஒரு நீண்ட வராந்தா, கம்பிக் கதவு, சுவரோரம் பெஞ்சு. அவள் அம்மா வெளியே வந்து உட்கார்ந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மற்றபடி எங்கள் தெருவில் யார் வீட்டிலும் பார்க்கக்கூடிய ஒரு அம்மா. "மதராஸிப் பொண்ணா? உங்க வீட்டுல புளிக்கொழம்பு வைப்பாங்களாமே, எவ்வளவு புளிப்பா இருக்கும்?" என்று என்னை விசாரித்தார். பெண் கொண்டுவந்த சந்தேஷ் இனிப்பில் ஒன்றை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். இவரை உள்ளே வைத்திருப்பவர்களைத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"மா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள் தோழி. "பயிற்சிக்கு வெளியூர் போகணும். முடிச்சுட்டு வந்த உடனே ரூம் எடுத்து உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

எத்தனை நாளாக அவள் சொல்லக் காத்திருந்த வார்த்தை. பற்கள் மட்டும் தெரிய, ஈறு தெரியாமல், அளவாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அம்மா பெண்ணின் முகத்தையே பார்த்தார். கையில் இருந்த மீதிச் சந்தேஷைத் திரும்ப டப்பாவில் வைத்தார். "இங்க நர்ஸுங்களும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டுச் சொல்றாங்க. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்னு" என்றார்.

"இல்லம்மா, இது நிஜம். சத்தியமா."

"அவங்களும் சத்தியம் பண்றாங்க. இவ்வளவு நாள் நீ அழுதுக்கிட்டே கொஞ்ச நாள்மான்னு சொன்னே. நான் நம்பினேன்." குரலில் கோபம் இல்லை. "இப்ப நீயும் அவங்ககிட்ட கத்துக்கிட்டியா?"

தோழி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தி இழுத்துவிட்டாள். கையை எடுத்ததும் அந்தச் சிரிப்பு மறுபடி அங்கேயே வந்து நின்றது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "நிஜம்தான் மாஷிமா, நானும் அங்கதான் படிச்சேன், வேலை கிடைச்சிருச்சு" என்று சித்தி முறை வைத்து, வங்காளத்திலேயே சொன்னேன். இந்த முறை தமிழ் குறுக்கே வரவில்லை. அவர் என் தலையைத் தடவி, "உன்னையும் சொல்லச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாளா?" என்று கேட்டார்.

பார்வை நேரம் முடியும் முன்பே எழுந்து, கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் மணி அடித்த பிறகும் போக மாட்டார், கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார் என்று தோழி என்னிடம் சொன்னாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.